மனமாற்றம்: நாம் செய்கிற தவறுகள்

மார்த்தாண்டம் பக்கம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. அதன் தொடக்க நாளான சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது, ‘மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்’ என்பார் சாமியார். ஒரு வருடம் நான் நெத்திலிகூடத் தொடவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அண்ணனோடு பேசவும் இல்லை. வாயைத்தான் கட்டினேன். நோன்பு மனமாற்றத்துக்குத் துணை. அதையே மனமாற்றம் என்று நினைத்தது என் தவறு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மெட்டனோயா’, மனம் மாறுவது. எபிரேயத்தில் ‘ஷூப்’, திரும்பி வருவது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் சொல்லும் மனந்திரும்புதல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. தியானத்தில் அழுதுவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறோம். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த சீடர் பேதுருவும் அழுதார். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் எறிந்துவிட்டான். ஆனால் பேதுரு இயேசுவிடம் திரும்பி வந்தார், யூதாஸ் வரவில்லை.

கடவுளிடம் மட்டும் கணக்கை முடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. நம்ம ஊர் விளைகளில் (தோட்டங்களில்) எல்லைத் தகராறுக்குப் பஞ்சமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை ஒரு முழம் தள்ளி நட்டவர், ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கிறார். கல் தள்ளி நட்ட இடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு முழத்துக்குள் வந்துவிட்ட தென்னையில் தேங்காயும் இவரே வெட்டுகிறார். இயேசுவைச் சந்தித்த வரிதண்டுபவர் சக்கேயு அப்படி இல்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப என்றார் (லூக்கா 19). காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகு என்கிறது மத்தேயு 5. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்பவர்களுக்கும் திருச்சபை இதையேதான் போதிக்கிறது: திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய்.

அப்புறம், ‘கொஞ்சம் திருந்திவிட்டுக் கோயிலுக்கு வருகிறேன்’ என்பவர்கள். குடியை விட முடியாத தம்பிமார் இப்படிச் சொல்லும்போது மனசு வலிக்கும். லூக்கா 15-இல் இயேசு சொல்லும் கதையில், அப்பாவை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளைய மகன் பன்றிகளுக்கு நடுவில் இருந்தபோதே ஒரு பேச்சைத் தயார் செய்தான். ‘உம்முடைய கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்பது அதன் கடைசி வரி. தூரத்தில் கண்டதுமே அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டார். மகன் பேச ஆரம்பித்தான். அந்தக் கடைசி வரிக்கு வருவதற்குள், நல்ல உடுப்பை எடுத்துவரச் சொல்லி அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.