டபுள் செக் மேட் புதிர்: முதலில் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள். போன மாதம் ஒரு பையன், பதின்மூன்று வயது, தானே அமைத்த புதிர் என்று ஒரு பலகையை என் முன்னால் வைத்தான்.

வெள்ளை ராஜா எச்1, யானை ஈ1, குதிரை ஈ4. கறுப்பு ராஜா ஈ8, ராணி டி8, மந்திரி எஃப்8, சிப்பாய்கள் டி7, எஃப்7. வெள்ளை ஆடி ஒரே நகர்வில் மேட்.

"சார், குதிரை எஃப்6 போனாலும் டபுள் செக் மேட், டி6 போனாலும் டபுள் செக் மேட். ரெண்டு இருக்கு!"

உண்மைதான். குதிரை விலகியதும் ஈ1 யானை செக், குதிரையும் செக், இதுதான் டபுள் செக். இரண்டு செக்கையும் ஒரே நகர்வில் தடுக்க வழியில்லை, ராஜா ஓடித்தான் ஆக வேண்டும். டி7, எஃப்7, டி8, எஃப்8 நான்கிலும் அவன் காய்களே நிற்கின்றன, ஈ7-ஐ யானை பார்த்துக்கொள்கிறது. ஆனால் புதிர் உலகில் இது இரண்டு மேட் அல்ல, ஒரு பழுது. ஒரே நிலையில் இரண்டு விடை இருந்தால் விடுவிப்பவர் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? எதிரியின் ஒரே பதிலுக்கு இரண்டு மேட் கிடைப்பதை டூயல் என்கிறோம். அமைத்தவர் நினைக்காத இன்னொரு முதல் நகர்வும் வேலை செய்தால் அது குக். டபுள் செக் புதிர்களில் இந்த இரண்டும் எளிதில் நுழைந்துவிடும், ஏனென்றால் டபுள் செக் அவ்வளவு பலமானது. குதிரை எங்கே போனாலும் மேட் ஆகிற மாதிரி நிலையை அடைத்து வைப்பது எளிது. ஒவ்வொரு மேட்டுக்கும் தனிக் காரணம் கொடுப்பதுதான் வேலை.

காரணம் எங்கிருந்து வரும்? குதிரை எஃப்6-இல் நின்றால் டி7-ஐக் காக்கிறது, எஃப்7-ஐக் காக்கவில்லை. டி6-இல் நின்றால் எஃப்7-ஐக் காக்கிறது, டி7 திறந்து கிடக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் பையன் இரண்டு சிப்பாய்களையும் வைத்து மூடிவிட்டான். இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு கறுப்புக் குதிரையை ஈ5-இல் வைத்தோம். இப்போது இதை ஹெல்ப்மேட்டாகப் பாருங்கள். அதாவது கறுப்பு முதலில் ஆடும், இரு பக்கமும் சேர்ந்தே கறுப்பு ராஜாவை மேட் செய்ய வேண்டும். கறுப்புக் குதிரை டி7-க்குப் போனால் தன் ராஜாவின் வழியைத் தானே அடைக்கிறது, வெள்ளைக் குதிரை டி6 மேட். எஃப்6 போனால் மேட் இல்லை, ராஜா எஃப்7-க்கு ஓடிவிடும். கறுப்புக் குதிரை எஃப்7-க்குப் போனால் கதை தலைகீழ்: குதிரை எஃப்6 மேட், டி6 போனால் ராஜா டி7-க்கு ஓடும். ஏழே காய், இரண்டு விடை, இரண்டும் டபுள் செக் மேட், ஒன்று இன்னொன்றின் இடத்தில் வராது. பையன் வாய்திறக்காமல் ஐந்து நிமிடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் அந்த ஐந்து நிமிடம் பிடித்திருந்தது.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது, பெரியவர்களும் செய்கிறார்கள்: டபுள் செக் இருக்கும், ஆனால் அது தேவைப்பட்டிருக்காது. இதற்கு நான் ஒரு காசைப் பயன்படுத்துகிறேன். மேட் நிலையை வைத்துக்கொண்டு யானையின் மேல் இருபது சென் காசை வையுங்கள். யானை ஈ7-ஐக் காக்கிறது, ஆனால் செக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செக் கொடுக்கும் குதிரையைக் கறுப்பு வெட்ட முடியுமா? முடிய வேண்டும். பிறகு காசைக் குதிரையின் மேல் வையுங்கள். யானையின் வழியில் கறுப்பு எதையாவது குறுக்கே வைக்க முடியுமா? முடிய வேண்டும். இரண்டுக்கும் 'முடியும்' என்று பதில் வந்தால்தான் அந்த மேட்டுக்கு இரண்டு செக்கும் தேவை. நம் நிலையில் டி6 குதிரையை எஃப்8 மந்திரி வெட்டும், எஃப்6 குதிரையை டி8 ராணி வெட்டும், ஈ7-இல் மந்திரியோ ராணியோ குறுக்கே வரும். சரி. இப்போது டி8-இல் ராணிக்குப் பதில் ஒரு யானையை வையுங்கள். இரண்டு மேட்டும் அப்படியே வேலை செய்யும். ஆனால் எஃப்6 குதிரையை வெட்ட ஆளே இல்லை. குதிரையின் செக் மட்டுமே போதும், யானையின் செக் சும்மா கூட வந்தது. கணினி இதைத் தப்பென்று சொல்லாது. அதனால்தான் காசை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

காய்களை அள்ளிப் போடுவதும் இதோடு ஒட்டியதுதான். பையன் குதிரையை வெட்டுவதற்கென்று சி7-லும் ஜி7-லும் சிப்பாய் வைக்கலாமா என்றான். ராணியும் மந்திரியும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கின்றன, ராஜாவின் பக்கத்துக் கட்டங்களையும் அடைக்கின்றன. ஒரு காய் இரண்டு வேலை செய்யும்போது, அதே வேலைக்கு இன்னொரு காய் எதற்கு? ஒவ்வொரு காயையும் பலகையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் புதிர் அப்படியே நின்றால் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

அடுத்து பேட்டரி. பின்னால் தூரத்திலிருந்து தாக்கும் காயும் முன்னால் அதன் வழியை மறைத்து நிற்கும் காயும் சேர்ந்ததுதான் பேட்டரி. முன்காயாக ராணியை வைக்க முயல்கிறவர்கள் உண்டு. அது நடக்காது, அந்த வரிசையில் ராஜாவுக்கு நேரே நிற்கும் ராணி ஏற்கெனவே செக் கொடுத்துக்கொண்டிருக்கும். ராஜா முன்காயாக விலகினால் பின்காய் செக் கொடுக்கும், ஆனால் ராஜாவால் செக் கொடுக்க முடியாது. ஆக, குதிரை, சிப்பாய், மூலைவிட்டத்தில் யானை, நேர்வரிசையில் மந்திரி, இவ்வளவுதான் மிஞ்சுவது.

குதிரையை முன்காயாக வைக்கிறவர்கள் தூரத்தை எண்ண மறந்துவிடுகிறார்கள். நேர்வரிசையில் ராஜாவிலிருந்து இரண்டு அல்லது நான்கு கட்டம் தள்ளியும், மூலைவிட்டத்தில் ஒன்று அல்லது மூன்று கட்டம் தள்ளியும் நின்றால்தான் குதிரை ஒரே நகர்வில் செக் கட்டத்துக்குப் போக முடியும். அந்த நான்கு இடத்திலும் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு செக் கட்டம். நம் குதிரை ஈ4, ராஜா ஈ8: நான்கு கட்டம், டி6, எஃப்6 இரண்டு கதவு. ஒரே குதிரை பேட்டரியில், ராஜா ஒரே இடத்தில் நிற்க, மூன்று டபுள் செக் மேட் கேட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் வராது. மூன்றாவது வேண்டுமென்றால் இன்னொரு பேட்டரி வேண்டும், அல்லது ராஜாவை வேறு கட்டத்துக்கு நகர்த்தியாக வேண்டும்.

ஹெல்ப்மேட்டாக இருந்த சட்டகத்தை அப்படியே 'வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்' ஆக்கப் பார்ப்பதும் வழக்கமான சறுக்கல். அங்கே கறுப்பு ஒத்துழைக்காது. நம் நிலையில் ராஜா டி7, ஈ7, எஃப்7 மூன்றுக்கும் ஓடலாம், ஒவ்வொன்றுக்கும் மேட் தயாராக இருக்க வேண்டும். உடனே ஏ7-இல் ஒரு வெள்ளை யானையை வைத்து ஏழாவது வரிசையை மூடத் தோன்றும். மூடினால் டி6, எஃப்6 வித்தியாசமே செத்துப்போகும், கறுப்புக் குதிரை சி6-க்கு நகர்ந்தாலும் இரண்டும் மேட், டூயல் திரும்பி வந்துவிடும். ஓடும் கட்டத்தை அடைக்காமல் அங்கேயே மேட் தேடுவதுதான் வழி, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் நகர்வை செக்காகவோ வெட்டாகவோ வைப்பதையும் தவிருங்கள், விடை முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

ஆட்டங்களில் ரசித்ததைப் புதிரில் தேடும்போதும் ஒரு குழப்பம் வருகிறது. 1910-இல் வியன்னாவில் ரிச்சர்ட் ரேட்டி என்ற வீரர் டார்டகோவரை வீழ்த்திய ஆட்டத்தில், ராணியை டி8-இல் கொடுத்துவிட்டு மந்திரி ஜி5-க்கு வந்து கொடுத்தது டபுள் செக், ஆனால் மேட் அல்ல. மேட் அடுத்த நகர்வில் சாதாரணச் செக்காக வந்தது. 1852-இல் பெர்லினில் ஆண்டர்சன் டுஃப்ரேனை எதிர்த்து ஆடியதிலும் மந்திரியின் டபுள் செக் வழியில் வருகிறது, முடிவில் அல்ல. நாம் கேட்பது மேட் போடும் நகர்வே டபுள் செக்காக இருப்பது.

இரண்டு கட்டம் தாண்டி வந்த எதிரிச் சிப்பாயைப் போகிற போக்கில் பிடித்து வெட்டும் (ஆன் பாசான்) சிப்பாயின் நகர்வில் இரண்டு வழி ஒரே நேரத்தில் திறந்து, நகர்ந்த சிப்பாய் தொடாமலே டபுள் செக் விழலாம். அழகானது. ஆனால் அதைப் புதிரின் முதல் நகர்வாக வைத்தால், எதிரியின் கடைசி நகர்வு வெட்டப்படும் சிப்பாயின் இரட்டை அடிதான் என்பது நிலையிலிருந்தே நிரூபணமாக வேண்டும். கோட்டை கட்டுவதற்கு (காஸ்லிங்) நேர்மாறான விதி: கட்ட முடியாது என்று நிரூபணமானாலொழியக் கட்டலாம்.

கடைசியாக, சோதிக்காமல் அனுப்பாதீர்கள். நான் முதன்முதலில் ஒரு இதழுக்கு அனுப்பிய புதிர் பதினைந்து நாளில் திரும்பி வந்தது, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு குக் எழுதியிருந்தது. பாப்பாய் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது எல்லா விடைகளையும் அடுக்கிக் காட்டும். புதிர்களின் தரவுத்தளங்களிலும் தேடுங்கள். ஏழு காயில் அமைந்த நம் சட்டகம் போன்ற எளிய ஒன்றை யாராவது முன்பே அமைத்திருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சிக்கு அது தடையில்லை, போட்டிக்கு அனுப்பினால் தடை.

பையன் இப்போது மூன்றாவது மேட் தேடுகிறான். ஏ4-இல் மந்திரி, அதன் முன்னால் சி6-இல் யானை, ஈ6-க்குத் தாவி டபுள் செக். ஆனால் கறுப்புக் குதிரை டி7-க்கு வந்தால் மந்திரியின் வழி அடைபடுகிறது. அடுத்த ஞாயிறு அங்கிருந்து தொடங்குகிறோம்.