நாயுடன் நாடு கடப்பதற்கு முன்: மருத்துவச் சான்றுகளும் நாள் கணக்கும்

நாயை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே கால்நடை மருத்துவரிடம் போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். நாய் எந்த நாளில் புறப்படலாம் என்பதைத் தீர்மானிப்பவை தடுப்பூசி போட்ட தேதியும் இரத்தம் எடுத்த தேதியும்தான். சில நாடுகளுக்கு ஒரு மாத ஏற்பாடு போதும், சில நாடுகளுக்கோ ஏழு மாதங்களுக்கு மேல் தேவைப்படும். ஆகவே போய்ச் சேரும் நாட்டின் வேளாண் துறையோ கால்நடைத் துறையோ வெளியிட்டிருக்கும் இறக்குமதி விதிகளை முதலில் தாமே படித்துவிடுவது நல்லது. வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தால், அந்த நாட்டின் விதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதற்படி மைக்ரோசிப். நாயின் அடையாள எண்ணைத் தாங்கிய, அரிசி மணியளவே உள்ள இந்தச் சில்லு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 11784, 11785 தரங்களுக்கு உட்பட்ட 15 இலக்கச் சில்லைத்தான் பெரும்பாலான நாடுகள் எதிர்பார்க்கின்றன. சில்லு பொருத்தப்படாத நாய்க்குப் போடப்பட்ட தடுப்பூசியை, அது இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று நிரூபிக்க வழியில்லை என்பதால், பல நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. எனவே சில்லு முதலில், ஊசி பின்னர். இரண்டும் ஒரே நாளில் நடந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. பழைய சில்லு இருக்கும் நாயானால், மருத்துவர் ஸ்கேனரைத் தோளின் மேல் மட்டுமல்லாமல் கழுத்தின் இருபுறமும் முன்னங்கால் வரையிலும் மெதுவாக நகர்த்திப் பார்க்கட்டும், ஏனெனில் சில்லு இடம் நகர்ந்திருப்பது உண்டு. திரையில் தெரியும் 15 எண்களையும் நீங்கள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க, தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதியிருப்பதுடன் அவர் ஒப்பிடட்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் 6 என்பது 0 என்று பதிவாகியிருந்தால், எல்லையில் அது வேறொரு நாயின் சான்றிதழாகிவிடும்.

அடுத்தது வெறிநோய்த் தடுப்பூசி. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி நாய்க்குக் குறைந்தது 12 வாரம் நிறைந்த பிறகே இதைப் போட வேண்டும்; முதல் ஊசிக்குப் பின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். பிரிட்டனும் இதே கணக்கையே வைத்திருக்கிறது. அங்கு ஊசி போட்ட நாள் பூஜ்யமாகக் கொள்ளப்படுகிறது, மறுநாள்தான் முதல் நாள். முந்தைய ஊசியின் காலம் ஒரு நாள் தவறிய பின் மறு ஊசி போட்டாலும் அது மீண்டும் முதல் ஊசியாகவே கருதப்படும். ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவந்தவர்கள்கூட இந்த ஒரு நாளில் சிக்கிக்கொள்கிறார்கள்.

வெறிநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து புறப்படும் நாய்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கியிருக்கிறதா என்று அளக்கும் சோதனை இது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருந்தால் தேர்ச்சி. போகும் நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வகத்திலேயே இதைச் செய்ய வேண்டும். வெறிநோய் கட்டுக்குள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து அங்கு போனால், ஊசிக்குப் பின் குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். அறிக்கை நன்றாக வந்த பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். வெறிநோய்க் கிருமி உடலில் நுழைந்தபின் அறிகுறி தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். ஊசிக்கு முன்பே கிருமி தொற்றியிருந்தால் அது வெளிப்படுவதற்கான அவகாசமே இந்தக் காத்திருப்பு. வெறிநோயே இல்லாத நாடுகள் இதில் இன்னும் கண்டிப்பானவை. ஜப்பானுக்கு இரண்டு தடுப்பூசிகளும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாட்களும் வேண்டும். வந்து சேர 40 நாட்களுக்கு முன்பே அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு அருகிலுள்ள மிக்கில்ஹாம் தனிமைப்படுத்தல் நிலையத்தில் 10 நாட்களோ 30 நாட்களோ நாய் தங்கியாக வேண்டும்.

திரும்பி வரும் பயணத்தையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் நாய் பட்டியலில் இல்லாத நாட்டுக்குப் போய்த் திரும்புவதானால், புறப்படுவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டால் மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. போன இடத்தில் நினைவுக்கு வந்தால் அந்த மூன்று மாதங்களையும் அங்கேயே கழிக்க வேண்டியதுதான்.

பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, பின்லாந்து, நார்வே ஆகியவை நாடாப்புழுவுக்கு எதிரான சிகிச்சையையும் கேட்கின்றன. பிராசிகுவான்டெல் கலந்த மருந்தை, போய்ச் சேர்வதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் மருத்துவரே கொடுத்து, தேதியுடன் நேரத்தையும் எழுத வேண்டும். வீட்டில் நீங்களே கொடுத்த மாத்திரை கணக்கில் சேராது.

கடைசியாக உடல்நலச் சான்றிதழ். தனியார் மருத்துவர் எழுதியதை அரசுக் கால்நடை அதிகாரி மேலொப்பமிட்டு முத்திரையிட்டால்தான் அது செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சான்றிதழ், அதிகாரி வழங்கிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் எல்லையில் காட்டப்பட வேண்டும். ஆகவே இந்தச் சந்திப்பை மட்டும் முன்கூட்டி முடித்துவிட முடியாது. அதிகாரி கையெழுத்திடும் மேசையிலேயே சில்லு எண், தடுப்பூசித் தேதி, இரத்தம் எடுத்த தேதி ஆகிய மூன்றையும் மூல ஆவணங்களுடன் ஒப்பிட்டுவிடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்த முடியும். விமான நிலையத்தில் முடியாது.

பயணத்தின்போது அமைதியாக இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுக்காதீர்கள். வானில் இதயத் துடிப்பையும் மூச்சையும் அது பாதிக்கக் கூடும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாய் நிமிர்ந்து நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிக் கதவைத் திறந்து வீட்டில் வைத்துவிடுங்கள். அது தானாகவே உள்ளே போய்த் தூங்கும் அளவுக்குப் பழகிய பிறகே கதவை மூடிப் பாருங்கள்.