காய்ச்சலா? அக்குளையும் இடுப்பையும் பார்த்தீர்களா?

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், தலைவலி, தட்டணுக் குறைவு, கல்லீரல் நொதிகள் உயர்வு. இதை டெங்கு என்று முடிவுகட்டும் முன் நோயாளியின் உடலை முழுதாகப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பில் துணி இறுகும் இடம், பிறப்புறுப்பு, காதின் பின்புறம். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் இருந்தால் அது எஸ்கார், அதாவது கடிபட்ட இடத்துப் புண். ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடியால் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல்) கிட்டத்தட்ட உறுதி. பெரும்பாலும் வலியோ அரிப்போ இராது, அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து ஆழமற்ற புண் மட்டுமே தெரியும். பலரும் தவறவிடுவது இதைத்தான். எஸ்கார் இல்லை என்பதற்காக நோயை விலக்கிவிடவும் கூடாது.

ஐஜிஎம் எலைசா (இந்நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனையை நம்ப வேண்டாம். முடிவுக்குக் காத்திராமல் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 7 நாள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். கிருமி செல்லுக்குள் வாழ்வதால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் பலிக்காது. மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டால் வேறு நோயோ கூடுதல் தொற்றோ இருக்கிறதா என்று தேடுங்கள். மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு போன்ற தீவிர நிலையில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துச் சிரைவழி கொடுப்பதே மேல் என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது.