ஒரு கார் கம்பெனி ஏன் இந்தப் பந்தயத்தில் இருக்கிறது, அந்தப் பந்தயத்தில் இல்லை? நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி

ரேஸ் பார்க்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி எல்லோருக்கும் வந்துவிடும். உலகத்திலேயே அதிகமாகக் கார் விற்கிற டொயோட்டாவுக்கு ஃபார்முலா 1-இல் சொந்த அணி கிடையாது. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 13 முறை ஜெயித்த ஆடி, திடீரென்று ஒரு நாள் அங்கிருந்து கிளம்பிவிட்டது. ஏன்? பதில் பெரும்பாலும் பந்தயத் தளத்துக்கு வெளியேதான் கிடைக்கும். ஒரு தாளும் பேனாவும் எடுங்கள், ஆடியை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: கம்பெனி பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள்

வெறும் "ஆடி" என்று எழுதினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம், ஏனென்றால் பத்து வருடத்தில் அதே கம்பெனி வேறு காரை வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருக்கும். "ஆடி, 2006" என்று எழுதுங்கள்.

படி 2: அந்த ஆண்டு ஷோரூமில் எதை விற்றார்கள் என்று பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 2006 வாக்கில் ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். ஆடியின் டிடிஐ என்ற டீசல் எஞ்சின் அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சரக்கு. ஆனாலும் டீசல் என்றால் லாரி, புகை, கடகட சத்தம் என்ற எண்ணம் மக்கள் மனதில் இருந்தது. அதை உடைக்க ஆடி என்ன செய்தது தெரியுமா? 5.5 லிட்டர், 12 சிலிண்டர் டீசல் எஞ்சின் வைத்த ஆர்10 டிடிஐ காரை லெ மானுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பீலா, பிர்ரோ, வெர்னர் மூவரும் மாறி மாறி 380 சுற்று ஓட்டி ஜெயித்தார்கள். லெ மானை ஒரு டீசல் கார் ஜெயித்தது அதுதான் முதல் முறை. அந்தக் கார் கடந்து போகும் வீடியோ ஒன்றைத் தேடிப் பாருங்கள். முன்னும் பின்னும் வரும் பெட்ரோல் கார்கள் காதைக் கிழிக்க, இது மட்டும் உஸ்ஸ் என்று காற்றின் சத்தத்தோடு போய்விடும். அந்தச் சில நொடிகள் எந்த விளம்பரத்தாலும் செய்ய முடியாததைச் செய்தன என்றுதான் நான் நினைக்கிறேன்.

படி 3: விதிப்புத்தகத்தைப் புரட்டுங்கள்

சரி, இதையே ஃபார்முலா 1-இல் செய்திருக்கலாமே? முடியாது. 2006 விதிப்படி அங்கே கிட்டத்தட்ட எல்லோரும் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் பாகம்) இல்லாத 2.4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான் வைக்க வேண்டும். டீசலுக்கு அங்கே கதவே இல்லை, லெ மானில் இருந்தது. அதனால் ஒரு பந்தயத்தைப் பார்க்கும்போது, "நான் விற்கிற பொருளை இங்கே ஓட்ட விடுவார்களா?" என்று அந்தக் கம்பெனியின் இடத்தில் நின்று கேளுங்கள்.

விதி மாறினால் முடிவும் மாறும். 2026-க்கான புது எஞ்சின் விதிகளில் ஏறக்குறைய பாதி சக்தி மின்சாரத்திலிருந்து வருகிறது. டர்போவின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியு-எச் என்ற பாகத்தையும் தூக்கிவிட்டார்கள். செலவு பிடித்த, புதிதாக வருபவர்கள் எட்டிப் பிடிக்கவே முடியாத பாகம் அது. எஞ்சின் செலவுக்கும் உச்சவரம்பு வந்தது. ஆடி 2022 ஆகஸ்டில் ஃபார்முலா 1-க்கு வருவதாக அறிவித்தது, அப்புறம் சுவிட்சர்லாந்தின் சாபர் அணியை வாங்கியது.

படி 4: பில்லை யார் கட்டுகிறார்கள்?

பந்தயத்தில் ஒரு கம்பெனியின் கார் ஓடுகிறது என்பதற்காக அந்தக் கம்பெனியே பணம் போட்டு இறங்கியிருக்கிறது என்று அர்த்தமில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அது ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப். அது போர்ஷே கம்பெனி தனியார் அணிகளுக்கு விற்கும் ரேஸ் கார். காரையும் உதிரி பாகத்தையும் விற்றுக் காசு பார்க்கிற இடம் வேறு, கைக்காசைக் கொட்டிப் பெயர் வாங்குகிற இடம் வேறு. தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

படி 5: ஜெயிக்க வாய்ப்பு இருந்ததா?

இதற்கு டொயோட்டாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2002 முதல் 2009 வரை ஃபார்முலா 1-இல் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல, ஆனால் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, வெளியேறினார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் அந்த அணி கார் தயாரித்த இடத்தை மட்டும் மூடவில்லை. அங்கிருந்தே லெ மானுக்கு ஹைபிரிட் கார்களைத் தயார் செய்து 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார்கள். ஷோரூமில் விற்பதும் ஹைபிரிட்தானே. இன்னொரு பக்கம் 2017-இல் உலக ராலிக்கு யாரிஸோடு திரும்பி வந்து, அந்த அனுபவத்தை வைத்து ஜிஆர் யாரிஸ் என்று ஒரு காரை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள்.

படி 6: கிளம்பிய தேதிக்கு முந்தைய செய்திகளைப் படியுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 2015 செப்டம்பரில், ஆடியின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் புகைச் சோதனையில் மென்பொருள் வைத்து ஏமாற்றியது அமெரிக்காவில் வெளியே வந்தது. 2016 அக்டோபரில் ஆடி லெ மான் தொடரை விட்டு விலகுவதாகச் சொன்னது. அப்போது அங்கே ஓடிக்கொண்டிருந்த ஆர்18-இல் இருந்தது டீசல் எஞ்சின். அடுத்து எங்கே போனார்கள் என்று பாருங்கள்: மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ.

எல்லாக் கம்பெனியும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஃபெராரிக்கு இதைப் போட்டால் தலைகீழாக வரும், பந்தயத்துக்குப் பணம் வேண்டும் என்றுதான் அது சாலைக் காரே விற்கத் தொடங்கியது.

இப்போது உங்கள் முறை. தாளைத் திருப்பி "ஜாகுவார், 2016" என்று எழுதுங்கள். 2004-இல் ஃபார்முலா 1 அணியை விற்றுவிட்டுப் போனவர்கள், 12 வருடம் கழித்து ஃபார்முலா ஈ வழியாகத் திரும்பி வந்தார்கள். 2018-இல் அவர்கள் விற்கத் தொடங்கிய ஐ-பேஸ் எதில் ஓடுகிறது என்று பார்த்து இரண்டாவது படியிலிருந்து ஆரம்பியுங்கள்.