கிலோமீற்றர் கூடின காரைக் கொழும்பில் ஓடவைப்பது எப்படி

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழிவிட்டார்கள். ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நம்மில் பலருக்கு எட்டாது. கையில் இருக்கிற பழைய கொரோலாவையோ சன்னியையோ விற்றாலும் அந்தக் காசுக்குக் கிடைப்பது இன்னொரு பழைய கார்தான், அதன் வரலாறு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் இருக்கிறதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு இஞ்சின் சாவதில்லை. கொழும்பில் அது பெரும்பாலும் சூடேறித்தான் சாகிறது.

அதனால் முதல் காசு கூலிங்குக்குப் போகட்டும். காலையில், இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூடாக இருக்கும்போது தொடவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும்). உள்ளே சிவப்போ பச்சையோ தெளிவான நிறம் இருந்தால் சரி. துருத்தண்ணீர் மாதிரி பழுப்பாக இருந்தால் யாரோ வருடக்கணக்காகப் பைப் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முழுவதையும் வடித்து, கழுவி, உங்கள் காருக்குரிய கூலன்டை ஊற்றுங்கள். அந்த மூடியையும் கவனியுங்கள். அதன் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சின்னச் செலவுதான், மாற்றிவிடுங்கள். ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள், சொதசொதவென்று இருந்தாலும் கல்லாக இறுகியிருந்தாலும் அவற்றின் காலம் முடிந்துவிட்டது. வாட்டர் பம்புக்குக் கீழே காய்ந்த கறை படிந்திருந்தால் அது கசியத் தொடங்கிவிட்டது.

பிறகு காரை நிறுத்தியபடியே ஏசியைப் போட்டு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். பொரளைச் சந்தியிலோ காலி வீதியிலோ ட்ராஃபிக்கில் நிற்கும்போது ரேடியேற்றருக்குக் காற்றுத் தருவது அந்த ஃபேன் ஒன்றுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "நம்ம நாட்டு வெயிலுக்கு தெர்மோஸ்டற் எதுக்கு, கழற்றிவிடுவோம்" என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். இஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேற்றருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், அதுவரை பெற்றோலை அதிகமாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழுதாகியிருந்தால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஓடும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டினால் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும், அந்தச் செலவு காரின் விலையில் நல்ல ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஒயில் மாற்றுவதற்கு மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் போகிறவருக்குத் தெரியும், தூரம் பத்துக் கிலோமீற்றர்கூட வராது, ஆனால் இஞ்சின் ஒரு மணித்தியாலம்கூட ஓடியிருக்கும். அதனால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றுங்கள், ஃபில்டரோடு. வாரத்தில் ஒருநாள் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். பழைய இஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும், அதில் பயமில்லை, குறைந்தது தெரியாமல் ஓடுவதுதான் ஆபத்து. ஒயில் மூடிக்கு அடியில் பால்கோப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் கூலன்ட் கலக்கிறதோ என்று உடனே காட்டுங்கள். புகையை மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது வைத்தியமில்லை.

இஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்பதும் தெரிந்திருக்கவேண்டும். 5ஏ இஞ்சின் உள்ள கொரோலா 110-க்கு பெல்ட், ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். 1என்இஸட் இஞ்சினோடு வரும் 121-க்குச் செயின். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீற்றரைப் பின்னால் சுற்றிக் கிலோமீற்றரைக் குறைத்த கார்களும் ஊரில் ஓடுகின்றனதானே. வாங்கிய அன்றிலிருந்து ஒரு கொப்பி போட்டு, என்ன, எப்போது, எத்தனை கிலோமீற்றரில் என்று எழுதிவையுங்கள்.

ஆட்டோ கியர் என்றால் அதன் ஒயிலின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். சிவப்பு மாறிக் கருகல் மணம் வந்தால் கவலைப்படலாம். மாற்றும்போது உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட ஒயிலைத்தான் ஊற்றவேண்டும், சிவிரி (CVT, படிகள் இல்லாத ஆட்டோ கியர்) கியருக்கு மற்றதை ஊற்றினால் பெட்டியே போய்விடும். பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பூ (தரையில் படும் பள்ள வரிகள்) இருக்கிறதே என்று பழைய டயரில் ஓடவேண்டாம்.

சாமானுக்குக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், நம்பரை ஒத்துப்பாருங்கள். லைட், கண்ணாடி, கதவு போன்றவற்றை ஜப்பானில் கழற்றி வந்ததாக வாங்கலாம், அசலாகவும் இருக்கும், மலிவாகவும் இருக்கும். ஆனால் ரப்பர் எதுவானாலும், பெல்ட், ஹோஸ், சீல், புதிது மட்டும்தான்.

வருட லைசன்ஸுக்கு முன் புகைப் பரிசோதனை வருமே, அதற்கு முன் எயார் ஃபில்டரையும் பிளக்கையும் பார்த்துவிட்டு, இஞ்சின் சூடேறிய பிறகு போங்கள்.

கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்கள் காரின் அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். கதவுகளின் கீழ் விளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும், குச்சியால் அடைப்பெடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே சேரும் இலைகளையும் அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே காலடிக்கு வந்து கார்பெட்டுக்கு அடியில் துருப்பிடிக்கும். மே மாதம் மழை தொடங்கி வீதியில் வெள்ளம் நின்றால் சுற்றிப் போங்கள். தண்ணீருக்குள் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பவேண்டும்.