இஃப் கோட்டையில் தாந்தேயைத் தேடாதீர்கள்

பிரான்ஸின் மார்சேய் நகரின் பழைய துறைமுகத்தில் படகு ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் இஃப் கோட்டை. ஒரு சிறு தீவில் நிற்கும் பழைய சிறை அது. பலர் அங்கே போவது எட்மண்ட் தாந்தே பதினான்கு வருஷம் அடைபட்டுக் கிடந்த அறையைப் பார்க்க. அங்கேதான் முதல் தவறு. தாந்தே என்று ஒரு கைதியே இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் எழுதிய 'மாண்டி கிறிஸ்டோ' தொடர்கதையின் நாயகன் அவன்.

ஆனால் கீழ்த்தளத்தில் அவன் பெயரில் ஓர் அறை இருக்கிறது. கதையில் தாந்தேயும் பக்கத்து அறைக் கைதியும் சந்திக்கத் தோண்டிய வழி போல, சுவரில் ஒரு துளையும் உண்டு. குனிந்து பார்த்து, 'இதைத்தான் தோண்டினார்களா!' என்று வியக்காதீர்கள். கதையைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காகச் செய்து வைத்தது அது. இந்த வித்தை புதிதும் இல்லை. 1867இல் போன அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கு டூமாவின் நாயகர்கள் இருந்த அறையோடு, இரும்பு முகமூடிக் கைதியின் அறையையும் சேர்த்தே காட்டியிருக்கிறார்கள். முகத்தை மறைத்தே சிறை வைக்கப்பட்ட அந்த மர்மக் கைதி நிஜ மனிதர்தான், ஆனால் இஃபில் இருந்ததே இல்லை. அவரை வைத்திருந்தது கான் நகருக்கு எதிரே உள்ள செந்த் மார்கரீத் தீவில்.

சரி, அப்படியானால் எல்லாமே கட்டுக்கதைதான் என்று முடிவு கட்டுவதும் தவறு. கதையில் தாந்தேக்குப் பாடம் சொல்லித்தரும் இத்தாலியப் பாதிரியார் ஃபாரியாவின் பெயர் நிஜ மனிதர் ஒருவருடையது. அவர் நம்ம கோவாக்காரர், 1756இல் பிறந்தவர். பாரிஸில் மனோவசியம் செய்து காட்டிப் பேர் வாங்கி, 1819இல் அங்கேயே இறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் பெரிய பேச்சாளர் மிராபோ 1774இல் இங்கே அடைபட்டது நிஜம். கடன் வாங்கியே காலம் தள்ளிய மகனை, விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்க உதவும் மன்னரின் கடிதம் ஒன்றைப் பெற்று உள்ளே தள்ளியவர் பெற்ற தகப்பன். இவர்களைவிட முக்கியமானவர்கள், மதத்துக்காகப் பிடித்து அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்டுகள். அவர்களைப் பற்றி யாரும் தொடர்கதை எழுதவில்லை. அதனாலேயே பார்க்க வருகிறவர்களும் நின்று கேட்பதில்லை.

கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. கீழே ஜன்னல் இல்லாத இருட்டறைகள். காசில்லாதவர்களைக் கும்பலாக அடைத்தது அங்கே. மாடி ஏறிப் பாருங்கள்: வெளிச்சம் வரும் ஜன்னல், குளிர் காய அடுப்பு. இந்த அறைகளுக்குப் 'பிஸ்தோல்' என்று பெயர். அது அந்தக் காலத்து நாணயத்தின் பெயர். காசு கொடுத்தால் ஜன்னல், அவ்வளவுதான். இரண்டு தளத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அந்தச் சிறை எப்படி நடந்தது என்று பிடிபடும்.

கோட்டையைச் சிறைக்காகக் கட்டினார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. முதலாம் பிரான்சுவா மன்னர் துறைமுகத்தைக் காக்க 1524இல் தொடங்கி 1531இல் கட்டி முடித்தது இது. 1516இல் அவர் இந்தத் தீவுக்கு வந்ததோ ஒரு காண்டாமிருகத்தைப் பார்க்க! போர்ச்சுகல் மன்னர் போப்புக்கு அனுப்பிய பரிசு அது. பாவம், வழியில் கப்பல் கவிழ்ந்து இத்தாலிக் கரையோரம் மூழ்கிப் போனது.

அப்புறம், கதையில் புதையல் கிடைக்கும் மாண்டி கிறிஸ்டோ தீவு இங்கே எங்காவது தெரியுமா என்று கேட்காதீர்கள். அது இத்தாலியின் தஸ்கனிக் கரைக்கு அப்பால் இருக்கிறது. சிறையிலிருந்து தப்பிய தாந்தே நேராக மார்சேய்க்கு நீந்தி வந்தான் என்பதும் தப்பு. கதையில் அவன் கரையேறுவது திபுலன் என்ற பாறைத்தீவில்.

பயணத்தின் கடைசி நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மிஸ்த்ரால் என்ற பலத்த வடகாற்று வீசி அலை எழும்பினால் படகு இஃபில் ஒதுங்காது. படகுக்கு ஒரு டிக்கெட், கோட்டைக்குத் தனி டிக்கெட்.

உள்ளே போனதும் தாந்தே அறைக்கு ஓடுவதற்கு முன் முற்றத்தில் நின்று சுவர்களைப் பாருங்கள். பிரான்ஸில் 1848இல் நடந்த கிளர்ச்சிக்காகப் பிடிபட்டவர்கள் கல்லில் செதுக்கிய பெயர்ப்பலகை ஒன்று அங்கே இருக்கிறது: 'இறையாண்மை மிக்க மக்களின் ஓட்டல்'.