எச்டி படம் உடையாமல் வர ஒட்டுப்போடாத ஒரே ஒயர்

எச்டி சேனலுக்காகவே கூடுதல் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கேபிளைவிட, மாடியில் டிஷ் வைத்துப் பார்க்கும் டிடிஎச் எடுங்கள். டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை நடுவில் ஒட்டுப்போடாத ஒரே ஒயராக இழுக்கச் சொல்லுங்கள்.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் கேபிள் ஒயர் பெரும்பாலும் மாடிக்கு மாடி தாவி, வழியில் பல ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஒயரைப் பலதாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) பிரிந்துதான் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சிக்னல் குறையும். கடல் காற்றின் உப்பு கனெக்டரை அரித்தால் இன்னும் குறையும். டிஜிட்டல் சிக்னல் பழைய ஆன்டெனா படம் மாதிரி மெல்ல மங்காது, ஓர் அளவுக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஷ் உங்கள் மாடியிலேயே இருப்பதால் கவனிக்க வேண்டியது அந்த ஒரு ஒயர்தான். அதன் கனெக்டரில் ரப்பர் டேப் சுற்றி, ஒயரைக் கொஞ்சம் தொங்க விட்டுக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

பாக்ஸை டிவியோடு எச்டிஎம்ஐ ஒயரில்தான் இணைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் ஒயரில் எச்டி வரவே வராது. இதைக் கட்டாயம் பாருங்கள்.

சரி, எங்கே இது சரிப்படாது? சென்னையில் டிஷ் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் பக்கத்துக் கட்டிடம் மறைத்தால் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் சில நிமிடம் போய் வரும். தெருவுக்கு ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) வந்துவிட்டதென்றால் கேபிளே போதும்.